வீடும் லயமும்: பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்தில் இறுதிக்காலப் பராமரிப்பின் வரலாறு

குணமாகாத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவரைப் பிழைக்கவைக்கும் முயற்சியை நிறுத்திக்கொண்டு, வலி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண், உறக்கமின்மை, அச்சம் ஆகியவற்றைத் தணிப்பதையே முதற்கடமையாகக் கொள்ளும் பராமரிப்பு ஹாஸ்பிஸ் எனப்படுகிறது; நோய் கண்டறியப்பட்ட நாள் முதலே சிகிச்சையோடு சேர்ந்து நடைபெறும் அகலமான தணிப்புப் பணிக்குப் பாலியேட்டிவ் என்ற பெயர் கேரளத்தில் தேநீர்க்கடைப் பேச்சுவரை பரவியிருக்கிறது. இத்தகைய சேவையைப் புதிதாகத் தொடங்க எண்ணும் எவரும் நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள், மருந்து எப்படிக் கிடைக்கும், எந்தச் சட்டம் பொருந்தும், பணிக்கு ஆள் உண்டா, பணம் யார் தருவார் என்ற கேள்விகளைக் கேட்டாக வேண்டும். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் பகுதிகளைப் பொறுத்தவரை இக்கேள்விகளுக்கான விடைகள் சந்தை நிலவரத்தில் இருப்பதைவிட ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றிலேயே அதிகம் இருக்கின்றன. அவ்வரலாற்றில் மருத்துவமனையைவிடக் கூடுதல் இடம்பிடிப்பது வீடு, அதாவது படுத்த படுக்கையானவர் எவருடைய கூரையின் கீழ் படுத்திருக்கிறார் என்பது.

இன்று ஒரே மாநிலத்தின் விளிம்பாகத் தெரியும் இப்பகுதி 1949 வரை மூன்று வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தது. பாலக்காட்டுச் சமவெளியும் அட்டப்பாடி மலையும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தவை. கொழிஞ்சாம்பாறையை உள்ளடக்கிய சித்தூர் வட்டம் கொச்சி அரசுக்கு உரியது. இன்று இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் மலைநாடு. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மூன்றும் கேரளத்துக்குள் வந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும் நேசமணியின் தலைமையும் தமிழ் வாசகர் அறிந்தவை. அக்கோரிக்கைக்கு எதிராக வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று, அங்குள்ள தமிழர் பெரும்பாலும் தோட்டவேலைக்காக வந்துபோகும் கூட்டம், நிலைத்த குடிகள் அல்லர் என்பது. எல்லைக்கோடு அன்றோடு தீர்ந்தது. ஆனால் வந்துபோகும் கூட்டம் என்ற அந்தப் பார்வை தோட்டக் குடியிருப்புகளின் சட்டநிலையில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. காட்டை வெட்டித் தேயிலை நட ஆட்கள் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாகக் கொண்டுவரப்பட்டனர். முன்பணம் கொடுத்து ஆள்பிடித்து வேலையும் வாங்கிய இடைத்தரகரே கங்காணி. தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட வரிசை அறைகள் தரப்பட்டன. லயம் என்று வழங்கும் இவ்வரிசைகளில் ஓர் அறையும் சமையல் மூலையும் ஒரு குடும்பத்துக்கு. எஸ்டேட்டுக்கு ஒரு டிஸ்பென்சரியும் பெரிய தோட்டத் தொகுதிகளுக்குப் பொதுவாக ஒரு மருத்துவமனையும் காலப்போக்கில் வந்தன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கி, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதியும் குடியிருப்பும் தரும் பொறுப்பை உடைமையாளர் மீது சுமத்தியது. சமவெளிக் கிராமங்களில் மருத்துவர் முகத்தைக் காண்பதே அரிதாக இருந்த காலத்தில் கண்ணன் தேவன் மலைகளின் மூணாறுத் தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவமனைப் படுக்கை உரிமையாகக் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது.

ஆயினும் அந்த மருத்துவத்தின் நோக்கம் தெளிவானது: காய்ச்சலில் படுத்தவரை மீண்டும் கொழுந்து பறிக்க அனுப்புவது, பிரசவத்தைக் காப்பது, கொள்ளைநோய் பரவாமல் தடுப்பது. உழைக்கும் உடலுக்கென்று அமைந்த இந்த ஏற்பாடு உழைப்பு முடிந்ததும் முடிந்துவிடும். ஓய்வு பெற்றவர் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ மருமகளோ பெயர்ப்பதிவில் தொழிலாளியாக இருந்தால் மட்டுமே அதே அறையில் தங்கலாம். ஆகவே தலைமுறை தலைமுறையாக முதுமையும் அதனோடு வரும் நோயும் மலையிலிருந்து கீழே இறக்கிவிடப்பட்டன. கம்பம், போடி, சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துப் பூர்வீக ஊர்களில், பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் மட்டுமே வந்துபோன உறவினர் வீட்டுத் திண்ணைகளில், எஸ்டேட்டின் கடைசி அத்தியாயம் நடந்தேறியது. சாவு கணக்கில் வராத இடத்தில் சாவுக்கான பராமரிப்புத் தோன்றாதது வியப்பன்று. இடுக்கி மாவட்டத்தில் இறுதிக்காலப் பராமரிப்பு ஏன் தாமதமாகத் தொடங்கியது என்பதற்கு ஏழ்மை, மலைப்பாதை என்று பொதுவாகச் சொல்லப்படும் காரணங்களைவிட இதுவே வலுவானது.

1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தபோது இந்தச் சமன்பாடும் குலைந்தது. 2000ஐ ஒட்டிப் பீர்மேடு வட்டத்தில் பல எஸ்டேட்கள் மூடப்பட்டன. உடைமையாளர் விலகியதும் டிஸ்பென்சரிகள் பூட்டப்பட்டன, லயங்கள் பழுதுபார்ப்பின்றி ஒழுகத் தொடங்கின. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, நிலுவையில் இருந்ததால் அறையை விட்டுக்கொடுத்தால் பணமும் போய்விடும் என்ற அச்சத்தில் முதியவர்கள் அங்கேயே தங்கினார்கள். ஓய்வுபெற்றோர் மலையில் தங்கி முதுமையடைவது இவ்வாறு பெருந்தோட்டம் செழித்த காலத்தில் இல்லாத அளவுக்கு அது நொடித்த காலத்தில் பெருகியது. அதே வேளையில் அவர்களுக்கென இருந்த மருத்துவம் மறைந்தது.

இக்காலத்துக்குள் உலகில் வேறொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் நவீன இறுதிக்காலப் பராமரிப்பின் தொடக்கமாகக் கருதப்படுகிறது; வலி எழுந்தபின் மருந்து கொடுப்பதற்கு மாறாகக் கடிகாரப்படி முன்கூட்டியே மார்பின் கொடுத்து வலியை எழவிடாமல் வைப்பது அங்கே நிலைபெற்ற நடைமுறை. 1986இல் மும்பை பாந்த்ராவில் மருத்துவர் லூயிஸ் டிசூசா தொடங்கிய சாந்தி ஆவேத்னா சதன் இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிமுறையை வெளியிட்டு, கடும் வலிக்கு வாய்வழி மார்பின் போதும் என்று சொன்னது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டான 1985இல்தான் இந்திய நாடாளுமன்றம் போதைப்பொருள் சட்டத்தை இயற்றியிருந்தது. மார்பினுக்கு மூலமான அபின் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தின் பேரில் விளைந்து நீமச், காஜிப்பூர் அரசு ஆலைகளுக்குச் செல்கிறது. ஏற்றுமதிக்குச் சட்டபூர்வமாக அபின் விளைவிக்கும் நாடு தன் நோயாளிகளுக்கு அதைத் தர முடியாமல் போனது. மருத்துவமனை ஒன்று மார்பின் வாங்குவதற்கு வெவ்வேறு துறைகளிடமிருந்து பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது; கடைசி உரிமம் கைக்கு வரும்போது முதல் உரிமம் காலாவதியாகியிருக்கும். 1985இல் 716 கிலோவாக இருந்த நாட்டின் மார்பின் பயன்பாடு 1997இல் 18 கிலோவாகச் சுருங்கியது.

1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகிய மருத்துவர்கள் நண்பர்களுடன் சேர்ந்து வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது எதிர்கொண்ட சூழல் இதுவே. படுக்கைகள் கொண்ட ஹாஸ்பிஸ் கட்டுவது மேலைநாட்டு முன்மாதிரி. அவர்கள் அதைப் பின்பற்றாமல் புறநோயாளிப் பிரிவாகத் தொடங்கினார்கள். வெகுதூரத்திலிருந்து பேருந்தில் வர முடியாதவர்களைத் தேடி வீட்டுக்கே செல்ல வேண்டிய தேவை எழுந்தபோது இயக்கத்தின் போக்கு மாறியது. 1990களின் இறுதியிலிருந்து மலப்புறம் மாவட்டத்தை மையமாகக் கொண்டு உருவான அண்டை அயலார் வலைப்பின்னலில் மருத்துவரல்லாத ஊர்மக்களே முதன்மை பெற்றனர்: சில மணிநேர வகுப்பும் களப்பயிற்சியும் பெற்ற தன்னார்வலர்கள் நோயாளிகளைக் கண்டறிந்தனர், செவிலியரை அழைத்துச் சென்றனர், அரிசி முதல் பிள்ளைகளின் பள்ளிச் செலவு வரை கவனித்தனர். கடைகளில் வைத்த உண்டியல்களிலும் மாதச் சந்தாக்களிலும் சேர்ந்த சிறுதொகைகளே மூலதனம். ஓர் ஊர் தன் நோயாளியைத் தானே தாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு அயல்நாட்டு ஆய்வாளர்களை வியக்கவைத்தது. 2010இல் வெளியான எகனாமிஸ்ட் புலனாய்வுப் பிரிவின் மரணத்தரக் குறியீட்டில் 40 நாடுகளுள் இந்தியா கடைசியாக வந்தபோதும் கேரளம் தனித்துப் பாராட்டப்பட்டது.

அரசும் பின்தொடர்ந்தது. 1998இல் மத்திய வருவாய்த் துறை மாநிலங்களுக்கு எளிமையாக்கப்பட்ட மார்பின் விதிகளின் மாதிரியை அனுப்பியபோது அதை முதலில் ஏற்ற மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. 2008 ஏப்ரலில் இந்தியாவிலேயே முதல் மாநிலமாகப் பாலியேட்டிவ் கொள்கையை அறிவித்து, வீட்டுப் பராமரிப்பையே அதன் மூலைக்கல்லாக வைத்தது. தொடர்ந்து ஒவ்வொரு கிராம ஊராட்சியும் இதற்கென நிதி ஒதுக்கி, ஒப்பந்த அடிப்படையில் பயிற்சி பெற்ற செவிலியரை நியமித்து, வண்டியமர்த்தி வீடுவீடாக அனுப்பும் முறை நிலைபெற்றது. ஊராட்சியில் முதல்நிலை, வட்ட மருத்துவமனைகளில் இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை என்று அடுக்கு அமைந்தது. இடுக்கிக்கும் பாலக்காட்டின் எல்லை ஊராட்சிகளுக்கும் பாலியேட்டிவ் பரவலாக வந்து சேர்ந்தது இந்த அரசுப் பாதை வழியாகத்தான். மலப்புறத்தில் மக்கள் இயக்கமாக முளைத்து அரசிடம் சென்றது, இங்கே அரசாணையாக இறங்கி மக்களைத் தேடியது.

இந்த வேறுபாட்டின் வேர் மக்கள்தொகைக் கணக்கிலேயே தெரிகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலப்புறத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,150 பேருக்கு மேல் வாழ்ந்தனர். இடுக்கியில் ஏறத்தாழ 255 பேர். முந்தைய பத்தாண்டுகளில் இடுக்கியின் மக்கள்தொகை 11.29 இலட்சத்திலிருந்து 11.09 இலட்சமாகக் குறைந்திருந்தது. அண்டை வீட்டார் அரை கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு வகுத்த திட்டம், ஒரு பகலில் இரண்டு மூன்று நோயாளிகளைப் பார்ப்பதற்கே ஜீப்பில் மலைமேல் ஏறி இறங்க வேண்டிய ஊரில் அதே செலவில் நடக்காது. தேவிகுளம் வட்டத்தில் 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலைக்குடியில் முதுவர் குடிகள் காட்டுக்குள் சிதறியிருக்கின்றன. அங்கே ஊராட்சிச் செவிலியரின் பயணத்தில் பெரும்பகுதி நடையாகவே இருந்தது. பாலக்காட்டின் அட்டப்பாடியில் அகளி, புதூர், சோளையூர் ஊராட்சிகளில் இருளர், முடுகர், குறும்பர் வாழும் 190க்கும் மேற்பட்ட ஊர்கள் உள்ளன. 2013இல் அங்கு நிகழ்ந்த சிசு மரணங்கள் மாநிலத்தை உலுக்கியபின் பொதுச் சுகாதாரக் கவனமும் நிதியும் தாய் சேய் நலத்தின் பக்கம் திரும்பின. அது நியாயமானதே என்றாலும் முதியவரின் படுக்கை வரிசையில் பின்னே தள்ளப்பட்டது.

மொழியும் ஒரு காரணி. வலி எரிகிறதா, குத்துகிறதா, இழுக்கிறதா என்ற வேறுபாட்டைக் கொண்டே மருந்தின் வகையும் அளவும் முடிவாகும். நரம்பு வலியும் எலும்பு வலியும் ஒரே மாத்திரைக்குக் கட்டுப்படுவதில்லை. கோட்டயம், எர்ணாகுளம் பக்கத்திலிருந்து பணிக்கு வரும் செவிலியர் தமிழ் கேட்டால் புரிந்துகொள்வார் என்றாலும், தென்பாண்டித் தமிழ் பேசும் எஸ்டேட் கிழவியின் சொல்லில் உள்ள நுட்பம் தப்பிவிடலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள இடமளிக்கிறது. நோயாளிப் படுக்கையருகே நடக்கும் உரையாடல் எந்தச் சட்டத்தின் வரம்பிலும் வருவதன்று.

சித்தூர் வட்டத்து நிலைமை மலையிலிருந்து வேறானது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம் போன்ற இடங்களில் தமிழர் நிலமும் சொந்த வீடும் உள்ள விவசாயக் குடிகள். நோய் வந்தால் அவர்கள் நாடுவது பெரும்பாலும் கோயம்புத்தூரையும் பொள்ளாச்சியையும்தான். கீமோதெரபியும் கதிர்வீச்சும் எல்லைக்கு அப்பால் நடந்து, இனிச் செய்வதற்கில்லை என்று அனுப்பப்பட்டபின் நோயாளி எல்லைக்கு இப்பால் ஊராட்சிச் செவிலியரின் பொறுப்பாகிறார். சிகிச்சை ஒரு மாநிலத்தில், தணிப்பு மறு மாநிலத்தில் என்ற இந்தப் பிளவு சாதாரண நாளில் ஒரு பேருந்துப் பயணத்தோடு முடியும். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் வாளையாறு, குமுளி சோதனைச்சாவடிகள் அடைக்கப்பட்டபோதுதான் அது எவ்வளவு ஆழமான பிளவு என்பது தெரிந்தது. சொந்த வீடும் கவனிக்க ஆளும் இருக்கும் இக்குடும்பங்களுக்குக் கேரளத்து முறை நன்றாகவே பொருந்துகிறது. புதிதாக ஹாஸ்பிஸ் தொடங்குவோருக்கு இங்கே வாடிக்கையாளர் குறைவு என்பது அதன் மறுபக்கம்.

எல்லைக்குக் கிழக்கே தணிப்புப் பணி வேறு விதமாக வளர்ந்தது. சென்னையில் 1990களில் ஜீவோதயா போன்ற தொண்டு ஹாஸ்பிஸ்கள் தோன்றின. ஆனால் தேனி, தென்காசி மாவட்டச் சிற்றூர்களை அவை எட்டவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கு வரும் சேவைகளாகச் சேர்க்கப்பட்டன. ஊராட்சிக்கு ஒரு செவிலியர் என்ற கேரள அளவுக்கு மாறாக இங்கே ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் ஒன்றியத்துக்கு ஒருவர் என்ற அளவில் அமர்த்தப்பட்டனர். எஸ்டேட்டில் நாற்பது ஆண்டு உழைத்துப் போடிக்கோ கம்பத்துக்கோ இறங்கியவர் கேரளத்தின் நெருக்கமான வலையிலிருந்து தமிழ்நாட்டின் அகன்ற கண்ணி வலைக்குள் வந்துசேர்கிறார்.

தொழில் முயற்சியாக இதைப் பார்ப்பவர் எதிர்கொள்ளும் முதல் உண்மை, இந்தச் சேவைக்கு விலை சொல்லும் வழக்கமே இந்தியாவில் வேரூன்றவில்லை என்பது. சாந்தி ஆவேத்னாவும் பெங்களூருவின் கருணாஷ்ரயாவும் நோயாளியிடம் கட்டணம் பெறாமல் நன்கொடையில் நடப்பவை. கேரளத்தில் ஊராட்சியே இலவசமாகச் செவிலியரை அனுப்புகிறது. வீடு தேடி வரும் இலவசச் சேவைக்கு எதிராகக் கட்டணச் சேவை போட்டியிட முடியாது. விலைக்கு விற்கப்படும் பராமரிப்பு பெரும்பாலும் ஹோம் நர்ஸ் எனப்படும் வீட்டோடு தங்கும் உதவியாளர் முறை. பிள்ளைகள் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் குடும்பங்கள் முகவர் நிறுவனங்கள் வழியாக அவர்களை அமர்த்துகின்றன. அந்த வேலைக்குச் செல்லும் பெண்களில் இடுக்கி மலைப்பகுதியினரும் உண்டு. பயிற்சி பெற்ற செவிலியர் அயல்நாடு செல்வதால் ஏற்படும் பற்றாக்குறையும் இதே ஓட்டத்தின் இன்னொரு முனை.

சட்டச் சூழல், வியப்பளிக்கும் வகையில், முன்னைவிட இலகுவாகியிருக்கிறது. 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு மார்பின் உள்ளிட்ட சில மருந்துகள் இன்றியமையாத போதைமருந்துகள் எனத் தனியாக வகைப்படுத்தப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம், பழைய உரிம அடுக்குகள் இன்றி அவற்றை வாங்கி வைத்துக் கொடுக்கலாம். உயிர்காக்கும் கருவிகளை மறுக்கும் முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்று, 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிமையாக்கியது. படுக்கை வைத்து நடத்தினால் கேரளத்தில் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படியும், தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் சட்டத்தின்படியும் பதிவு தேவை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதிக்கு வழிதிறந்தது. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமோ, ஒரு சங்கம் பெற்ற அயல்நாட்டுப் பணத்தை இன்னொரு சங்கத்துக்கு மாற்றித் தருவதைத் தடுத்து, சிற்றூர் அமைப்புகளின் ஒரு வாயிலை அடைத்தது.

மருந்து உண்டு, சட்டம் உண்டு, வீட்டுக்கு வரும் செவிலியரும் உண்டு என்ற நிலையில் எஞ்சி நிற்பது வீடில்லாதவர் நிலை. வீட்டுப் பராமரிப்பு என்ற கேரளத்தின் சிறந்த கண்டுபிடிப்பு, நோயாளிக்கு வெளியேற்ற முடியாத ஒரு கூரையும் பகலில் உடனிருக்க ஓர் ஆளும் உண்டு என்பதைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. லயத்தில் பெரியவர்கள் இருவரும் விடிகாலையிலேயே மலைக்குப் போய்விடுவார்கள். ஒரே அறையில் பிள்ளைகளும் படிக்க வேண்டும், புற்றுப்புண்ணும் கழுவப்பட வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 அன்று பெட்டிமுடியில் லயங்கள் நிலச்சரிவில் புதைந்து 70 பேர் மாண்டபின் தொழிலாளர் குடியிருப்பின் பாதுகாப்பு பற்றிய பேச்சு எழுந்தது. முதியோர் தங்குவதற்கான இடம் அப்பேச்சில் ஓரமாகவே நின்றது. படுக்கையுள்ள ஹாஸ்பிஸ் ஒன்றுக்கு இந்த எல்லையோரத்தில் உண்மையான தேவை இருக்குமென்றால் அது சித்தூர்ச் சமவெளியில் அன்று, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் அவற்றின் அடிவாரத்துப் போடி, கம்பம் பகுதிகளிலுமே. அத்தேவை உள்ளவர்களிடம் கொடுக்கப் பணம் இல்லை என்பதால் அதைச் சந்தை தானாக நிறைவேற்றாது.

கட்டடம் தேடுவோருக்கு எஸ்டேட் மருத்துவமனைகளே கண்ணில் படும். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் எழுந்த அவற்றில் படுக்கைகளும் மருந்தறையும் தமிழ் பேசும் பணியாளர்களும் ஏற்கெனவே உண்டு. மூடப்பட்ட தோட்டங்களில் சுவர்களாவது நிற்கின்றன. ஆனால் அச்சட்டம் பொறுப்பை வரையறுத்தது தொழிலாளியையும் அவர் குடும்பத்தையும் வைத்தே. ஓய்வு பெற்றவர் அப்படுக்கையில் படுக்க வேண்டுமானால் உடைமையாளரின் கருணையோ, வேலையில் இருக்கும் பிள்ளையின் பெயரோ, ஊராட்சியுடன் செய்துகொள்ளும் தனி ஒப்பந்தமோ தேவைப்படும்; இம்மூன்றில் ஊராட்சி ஒப்பந்தம் மட்டுமே வழக்கு வந்தாலும் நிற்கக்கூடியது.